ஓட்டைப் பானை

"பானையைக் காணோம்ங்க."

பட்டறையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு வந்து நின்றாள் அனிதா மேரி. முகத்தில் கறுப்புக் கண்ணாடி. கண் கட்டைப் பிரித்தே இரண்டு நாள்தான் ஆகிறது.

"நல்லாப் பாத்தியா?" என்றான் கணவன் சகாய பிரவீன்.

"பானை என்ன ஊசியா, கண்ணுக்குத் தப்ப?"

அது சோறாக்குற பானை இல்லை. புழு அரித்த திராட்சை இலைகளைப் பறித்து வந்து, பார்த்துப் பார்த்து, அந்த ஓட்டைகளையெல்லாம் அப்படியே செம்புப் பானையில் உளி வைத்து வெட்டிய விளக்குக் கூடு. உள்ளே பல்பு எரிந்தால் சுவரெல்லாம் திராட்சைப் பந்தல் நிழல் ஆடும். குமுளியில் புதிதாகத் திறக்கும் ரிசார்ட்டில் இருந்து சாயங்காலம் வண்டி வருகிறது. இது பிடித்துப்போனால் அறைக்கு ஒன்று செய்யச் சொல்வார்கள். பிடிப்பதற்குப் பானை வேண்டுமே.

தகரக் கொட்டகைக்கு ஏது பூட்டு. இருவரும் ஒரே நேரத்தில் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். அதில் பூட்டுத் தொங்கியது.

முத்துமாரியம்மாள் வீடு. சுத்தியல் சத்தம் கேட்டாலே அந்த அம்மாளுக்கு ஆகாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஆரம்பித்துவிடுவாள்.

"ஓட்டை விழுந்த பானைய அடைக்கத்தான் ஊருல ஆளத் தேடுவாக. நீ நல்ல செம்புல ஓட்டை போடுறயே, ஏத்தா."

அதையாவது சிரித்துக்கொண்டு போகலாம். போன மாசம் உளி முனையில் செம்புப் பிசிறு கண்ணில் தெறித்து, ரத்தம் வடிய அனிதாவை ஆட்டோவில் ஏற்றியபோதும் தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"தட்டாத, தட்டாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? தெறிச்சிருச்சுல்ல."

அன்றைக்கு நின்றது பேச்சு.

சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் டீக்கடை அழகுமலைதான் துப்புக் கொடுத்தார்.

"முத்துமாரியக்காவா? விடியவும் மஞ்சச் சேலை கட்டி, பானையத் தலையில வச்சு பஸ் ஏறுனாக. வீரபாண்டித் திருவிழாவுக்குத்தான். பானை என்னா மினுமினுப்பு!"

பிரவீனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆயிரங்கண் பானை. கண்ணு நோவு தீந்துச்சுன்னா, ஒடம்பெல்லாம் ஓட்டை போட்ட மண்பானையச் சுமந்து வாறேன்னு கௌமாரியம்மனுக்கு நேந்துக்கிருவாக. அவுகளுக்குப் போன மாசந்தான புரை எடுத்தாக."

"அவுக கண்ணுக்கு எம் பானையா? ஒரு மண்பானை வாங்க மனசு வரல. அம்மனையே ஏய்க்கிற பொம்பள. வண்டிய எடுங்க."

பாதி வழியில் ரிசார்ட்டில் இருந்து போன் வந்தது. "சேச்சி, வண்டி புறப்பட்டு கேட்டோ." அனிதா "ம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள். குமுளியில் இருந்து வண்டி கிளம்பிவிட்டது.

வீரபாண்டியில் கூட்டம் கோயில் வாசல் வரை நெருக்கியது. கொட்டுச் சத்தம், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. தலைக்குத் தலை மண்பானை. அதற்கு நடுவே ஒன்று மட்டும் செம்பாகப் பளபளத்தது.

"நில்லுங்க, கூட்டத்துல சண்டை வேணாம்," என்று பிரவீன் சொல்லச் சொல்ல, அனிதா இடித்துப் பிடித்து முன்னே போனாள். சன்னதிக்கு எதிரே நின்றிருந்த முத்துமாரியம்மாள் பின்னால் திரும்பவில்லை. அனிதா பானையைப் பிடுங்கக் கையை நீட்டினாள்.

அதற்குள் பூசாரி பானையைப் பார்த்துவிட்டார். "என்னம்மா இது, செம்புல?"

"இந்தப் பானையத்தான் சுமந்து வாறேன்னு நேந்துக்கிட்டேன் சாமி. ஆனா இங்கன விட்டுட்டுப் போக முடியாது. ஆத்தா கண்ணுல காட்டிட்டுச் சட்டுனு குடுத்துருங்க. சாயந்தரம் வண்டி வருது. அதுக்குள்ள எடுத்த எடத்துல வச்சிரணும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"சரி, பேரு சொல்லுங்க."

"அனிதா மேரி."

பூசாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்க பேரா?"

"நான் முத்துமாரி. கண்ணு அவளுது. பக்கத்து வீட்டுப் பிள்ள. இந்தப் பானைதான் தெறிச்சுக் குத்துச்சு. குத்துனதையே சுமந்து வாறேன், பார்வையக் குடுத்துருன்னு கேட்டேன். ஆத்தா குடுத்துட்டா."

கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. பானை சாய்ந்தது. நீட்டியிருந்த கை அதை விழாமல் தாங்கிக்கொண்டது. யார் கை என்று முத்துமாரியம்மாள் பார்க்கவில்லை.

"நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"அது தெரியாது சாமி. மார்கழி மாசம் வாசல்ல ஒண்ணு கட்டித் தொங்கவிடுவாக. அதவே சொல்லிக்கிருங்க."