எந்த சிக்கந்தர் ஷா?

குடியுரிமை விசாரணை நடக்கும் அறையின் சன்னல் கண்ணாடியில் மழை வழிகிறது. மேசையில் இரண்டு விண்ணப்பங்கள். இரண்டிலும் சிக்கந்தர் ஷா, கந்தப்பளை என்றே இருக்கிறது. ஒன்றின் மேல் 'நிராகரிக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை. எழுத்தர் நிமிராமலே கேட்கிறார்: "இந்த ரெண்டுல நீங்க எந்த சிக்கந்தர் ஷா?" சட்டைக் கையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும் தையல்காரர், நனைந்த தொப்பியைக் கசக்கியபடி சிரிக்கப் பார்க்கிறார். "ராசா பேருங்க. டில்லியில ஒரு சிக்கந்தர் ஷா ஆண்டாரு, வங்காளத்துல ஒருத்தரு, காஷ்மீர்ல ஒருத்தருன்னு அத்தா சொல்லுவாங்க." எழுத்தர் நிமிர்கிறார். "அத்தன பேரையும் எப்புடிப் பிரிச்சுச் சொல்றது?" "அவங்கவங்க நாட்ட வச்சுத்தாங்க." சொன்ன வாய் சட்டென்று மூடிக்கொள்கிறது. எழுத்தரின் பேனா, காலியாக இருக்கும் 'நாடு' என்ற கட்டத்தின் மேல் நிற்கிறது. முனையில் மை திரள்கிறது.