வந்து சேர்ந்தவர்

“அடியே பாண்டீஸ்வரி! உன் வீட்டுக்காரரு டெல்லிக்கு வந்து இருபது நாளாச்சாம்டி! பார்லிமெண்ட்டுலயே சொல்லிட்டாக!”

திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து ஓடி வந்த சங்கிலியம்மாள் செல்போனை நீட்டினாள்.

பாண்டீஸ்வரி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி சுருளிராஜன் புறப்பட்டுப் போய்ப் பதினாலு மாதம். ஏஜெண்ட் கொண்டுபோய் விட்டது பர்மா எல்லைக் காட்டில், முள்வேலி போட்ட ஒரு மோசடிக் கம்பெனியில்.

அன்றிலிருந்து பாண்டீஸ்வரி ஏறாத ஆபீஸ் இல்லை. திங்கள்கிழமை தவறாமல் தேனி கலெக்டர் ஆபீஸில் மனு. எம்.பி. வீட்டு வாசலில் ஒருநாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றாள். அந்த எம்.பி.தான் இன்றைக்குக் கேள்வி கேட்டிருந்தார்.

வெளியுறவு அமைச்சர் எழுந்து பதில் சொன்னார். போனில் தமிழ்க் குரல் ஓடியது.

“அண்டை நாடுகளுடன் நாம் பேணிவரும் நல்லுறவே இதைச் சாத்தியமாக்கியது. பட்டியலில் இருந்த முப்பத்தொரு பேரும் மீட்கப்பட்டுவிட்டார்கள். உறுப்பினர் குறிப்பிட்ட சுருளிராஜன், கடந்த மாதம் பதினான்காம் தேதியே டெல்லி வந்து சேர்ந்துவிட்டார்.”

மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது.

பந்தலுக்குள் இருந்த பெண்களும் கைதட்டினார்கள். பாண்டீஸ்வரி மட்டும் தட்டவில்லை.

“இருபது நாளா? அப்ப ஏன்க்கா வீட்டுக்கு வரல?”

சங்கிலியம்மாளுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஊரில், மார்க்கையன்கோட்டை முழுக்க, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“போன இடத்துல எவளையாச்சும் சேத்துருப்பான்.”

“பொண்டாட்டி நாயா அலைஞ்சா. ஒரு போன் பண்ணத் தோணலியே அவனுக்கு!”

“ஆம்பளப் புத்தி.”

பாண்டீஸ்வரி முதலில் நம்பவில்லை. போன் வரும் வரும் என்று மூன்று நாள் பார்த்தாள். நாலாவது நாள் தாலுகா ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள்.

“உங்க மனு முடிஞ்சிருச்சும்மா. கணவர் வந்துட்டார்னு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“வீட்டுக்கு வரலியே சார்.”

“டெல்லி வரைக்கும் கொண்டாந்து விடறதுதான் அரசாங்கத்தோட வேலை. அங்கன இருந்து வீட்டுக்கு வர்றதும் வராததும் அவரு மனசு.”

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தது அவள் காதில் விழுந்தது.

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தவில்லை. அதற்கு மேலே தன் கையாலேயே எழுதினாள்: ‘இனி இவரைப் பற்றி நான் எந்த மனுவும் கொடுக்க மாட்டேன். இவரை யாரும் தேட வேண்டாம்.’

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டைகளை மூட்டையாகக் கட்டி, குப்பை வண்டியில் போட்டாள். அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்த வாரம், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சங்கிலியம்மாள் ஒருவனைக் கூட்டி வந்தாள். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். இரண்டு காலிலும் கட்டு. முப்பது வயது இருக்கும்.

“பேரு ஜெபாவாம். உன் வீட்டுக்காரரு கூட அங்கன இருந்தவராம். நல்லாக் கேளுடி, எங்க ஒளிஞ்சு கெடக்கான்னு!”

பாண்டீஸ்வரி அவனை உட்காரச் சொல்லவில்லை.

“எந்த ஊருல இருக்கு அந்த ஆளு? யாரு கூட?”

ஜெபா சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுத்தது, டெல்லி விமான நிலையத்தில் முத்திரை குத்தியது. சுருளிராஜன், மார்க்கையன்கோட்டை என்று இருந்தது.

“பேரு அண்ணனோடது. வந்தது நான்க்கா.”

அவளுக்குப் புரியவில்லை. சங்கிலியம்மாள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கால் ரெண்டையும் அடிச்சு ஒடிச்சுட்டாங்க. சீழ் வச்சு, எந்திரிக்க முடியாமக் கிடந்தேன். மீட்கப் போறவங்க லிஸ்ட்டுல என் பேரு இல்ல. அண்ணன்தான் என்னை எல்லையில இருக்கற ஆத்தங்கரை வரைக்கும் தூக்கிட்டு வந்தாரு. பர்மா மிலிட்டரிக்காரன் லிஸ்ட்டப் பாத்து ‘சுருளிராஜன்’னு கூப்பிட்டான். அண்ணன் என்னைப் படகுல ஏத்தி விட்டுட்டு, பின்னால போய் நின்னுக்கிட்டாரு.”

“இப்ப… இப்ப அவுக எங்கன?”

“தெரியலக்கா. மிச்சம் இருந்தவங்களைக் கம்பெனிக்காரங்க உள்காட்டுக்குக் கொண்டு போயிட்டதாச் சொல்றாங்க. இவ்வளவு நாளும் நான் டெல்லில ஆஸ்பத்திரியிலதான் கிடந்தேன். எந்திரிச்சதும் போலீஸ்ல போய் உண்மையச் சொன்னேன். ‘சுருளிராஜன் வந்துட்டார்னு அமைச்சரே பார்லிமெண்ட்டுல சொல்லியாச்சு, நீ யாருடா மாத்திப் பேச’ன்னு விரட்டிட்டாங்க.”

சங்கிலியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“வீடு, பொண்டாட்டி… எதையும் நெனக்கலியா அந்த மனுசன்?”

“உங்களை நெனச்சுத்தான்க்கா அப்படிச் செஞ்சாரு. நான் அநாதை ஹோம்ல வளர்ந்தவன். ‘உனக்காகக் கேக்க யாருமே இல்லடா, நீ போ’ன்னாரு. ‘எனக்குப் பாண்டீஸ்வரி இருக்கா. நான் போய் அவ முன்னால நிக்கிற வரைக்கும் மனுக் கொடுக்கறத அவ விடமாட்டா’ன்னாரு.”