ஏரியோர இறக்கம்

கோர்டலேன் ஏரிமேல் வெயில் சாய்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுத் தார் போட்ட பாதை. குழந்தைகள்கூட அலட்டிக்கொள்ளாமல் சைக்கிள் விடுவார்கள். லெனோராவுக்குத்தான் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, கால்கள் ஈர மணல் மூட்டையாய்க் கனக்கின்றன. ஹாரிசன் ஊருக்கு இன்னும் இரண்டு மைல். "மிதிக்காத, சும்மா உக்காரு," என்கிறான் பக்கத்தில் தன் சைக்கிளில் வரும் அவள் புருஷன் ஆர்வோ. "இங்கேருந்து வீடு வரைக்கும் இறக்கம்தான். இன்ஜினை அடக்கிட்டு உருட்டிக்கிட்டே வந்த லைனு இது." "ஏரித் தண்ணி சாயாம நிக்குது, உன் லைனு மட்டும் சாயுதாக்கும்?" "முப்பது வருஷம் இதுல ரயில் ஓட்டினது நானா, நீயா?" அவள் காலை ஓய விடுகிறாள். சைக்கிள் நிஜமாகவே உருள்கிறது. நாணல்கள் மெல்லப் பின்னால் நகர்கின்றன. கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு காதோரம் இரைக்கிறது. தன் சீட்டுக்குப் பின்னால் அவன் கை இருப்பது அவளுக்குப் புரிகிறது. திரும்பிப் பார்க்கவில்லை.

பழைய ரயில்வே கேட் வருகிறது. ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் இந்த இடத்தில் அவன் கட்டைவிரல் தானாக சைக்கிள் மணிக்குப் போய்விடும்; ரயில் ஊதுகிற கணக்கில் அடிப்பான். அந்த ஊதலைக் கேட்டுத்தான் அவள் அந்த நாளில் சூப்பை அடுப்பில் ஏற்றுவாள். இன்று ஒரு கை அவள் சீட்டைத் தள்ளுவதால், அவனுக்கு மிச்சமிருப்பது இன்னொரு கைதான். அதுவும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கேட் நெருங்கியும் மணி கேட்கவில்லை. லெனோரா, எதுவும் தெரியாதவள்போல, தன் மணியை அதே கணக்கில், நீளமாய் இரண்டு, குட்டையாய் ஒன்று, மறுபடி நீளமாய் ஒன்று என்று அடிக்கிறாள்.