பொய் சொல்லாத பெட்டி

"மனசாட்சி இருக்காப்பா உனக்கு? இந்த ஸ்பீக்கரையா ஸ்டுடியோ மானிட்டர்னு விக்கறே?"

ஆண்டனி போட்ட சத்தத்தில் பெங்களூர் எஸ்.பி. ரோடே ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி ஜெனிஃபர் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

கடை முதலாளி கிரண் அசரவில்லை. "சார், பேஸைக் கேளுங்க சார். இங்க போட்டா மைசூர்ல அதிரும்."

"அதான் தப்புங்கறேன். பாட்டுல இருக்கற கனத்த சத்தம் ஒரு பிடி. இது காட்டறது ஒரு படி. இதைக் கேட்டுட்டு நான், பேஸ் ஜாஸ்தின்னு குறைச்சுடுவேன். வேற செட்டுல போட்டா பேஸே இருக்காது. பாடினவன் உழைப்பு மண்ணாப் போயிடும். யாருப்பா பொறுப்பு?"

"கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இதைத்தான் சார் வாங்கறாங்க."

"டான்ஸ் ஆடறவன் வாங்கட்டும். நான் பாட்டு கலக்கறவன். எனக்கு இனிப்பு தடவாத பெட்டி வேணும். உள்ளதை உள்ளபடி சொல்லணும். அதுவும் என் சம்பளத்துக்குள்ள சொல்லணும்."

பிரேசர் டவுன் சர்ச் ஒன்றில் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் ஆண்டனி. பாடுகிறவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு வரவழைத்து, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, தனித்தனியாகப் பாடவைத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். பிறகு எல்லாக் குரலையும் அளவு பார்த்துக் கலந்து, கிறிஸ்துமஸுக்கு சி.டி. போடுவார்.

ஜெனிஃபர் மெல்லக் கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்டு செட்டும் இப்படித்தானே அதிரும்? அப்போ போன வருஷம் சாலமன் அண்ணன் குரல் கேக்காமப் போனது..."

"அது வேற," என்று வெட்டினார் ஆண்டனி. "கோலார் மைன்ஸ் தூசியைத் தின்ன தொண்டை. மைக்ல ஏறல. அந்த ஒரு ஆளால சி.டி.யோட மானமே போச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லித்தானே நிறுத்தினேன்?"

சாலமன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, அது மூடப்பட்ட பிறகு பெங்களூருக்கு வந்தவர். கொயரில் கனத்த குரல் அவர் ஒருவருக்குத்தான். நிறுத்திய பிறகும் ஒத்திகைக்கு வருவார். நாற்காலிகளை எடுத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

கிரண் உள்ளே போய் ஒரு ஜோடி கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். சின்னப் பெட்டிகள். விளக்கும் இல்லை, மினுக்கும் இல்லை. பாட்டைப் போட்டதும் மொட்டையாகக் கேட்டது.

"ஜனங்க இதைத் தொட மாட்டாங்க சார். உப்புச்சப்பு இல்லேம்பாங்க."

ஆண்டனியின் முகம் மலர்ந்தது. "இதுதான்ப்பா யோக்கியமான பெட்டி!"

வீட்டுக்கு வந்ததும் வயரைச் செருகினார். சோதித்துப் பார்க்க, போன வருஷப் பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஒவ்வொரு குரலாக வைத்துப் பார்த்தார். பெண்களின் குரல்கள் சரி. தன் குரல் ரொம்பச் சரி. சாலமனின் குரல் மட்டும் ஒலியளவில் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. ஏற்றிப் பார்த்தார்.

அறை நிறைந்தது. கரகரப்பு இல்லை, நடுக்கம் இல்லை. மற்ற குரல்களெல்லாம் அதன்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன.

அப்போதுதான் ஆண்டனிக்கு ஞாபகம் வந்தது. பழைய செட்டில் கும் கும்மென்று அதிர்கிறதே என்று, தன் கையால்தான் அதை இறக்கிவிட்டிருந்தார்.

ஜெனிஃபர் கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "சாலமன் அண்ணன்தானே அது? என்ன குரல்ங்க! பாவம், அவர் பேர்ல தப்பே இல்லையே. சாயங்காலம் ஒத்திகைதானே? எல்லார் முன்னாடியும் சொல்லி, திரும்பக் கூப்பிட்டுக்குங்க."

"எல்லார் முன்னாடியுமா?"

"பின்னே? எல்லார் முன்னாடியும்தானே நிறுத்தினீங்க?"

ஆண்டனி குரலை மறுபடி அடிமட்டத்துக்கு இறக்கினார். வயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர்களை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

தெருவில் அவர் ஆட்டோவை நிறுத்தியபோது, சர்ச்சில் நாற்காலி போடப் போய்க்கொண்டிருந்த சாலமன் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"கனமா இருக்கும், விடுங்க மாஸ்டர்." தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். "புது ஸ்பீக்கராமே? நல்லா கேக்குதா? இந்த வருஷமாவது என்னை ஒரு தரம் பாட வெச்சுப் பாருங்க மாஸ்டர். தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"பாக்கலாம், பாக்கலாம்," என்றார் ஆண்டனி, ஆட்டோக்காரரின் முதுகைப் பார்த்தபடி.

கடையில் கிரண் திகைத்தார். "என்ன சார், காலையிலதானே யோக்கியமான பெட்டின்னீங்க? அதுக்குள்ள என்ன கம்ப்ளெயின்ட்?"

ஆண்டனி மேஜையை ஓங்கித் தட்டினார். எஸ்.பி. ரோடு மறுபடி திரும்பிப் பார்த்தது.

"மனசாட்சி இருக்காப்பா உனக்கு? இல்லாத குரலெல்லாம் இதுல கேக்குது. மைசூர் வரைக்கும் அதிரும்னியே, அதையே எடு!"