நாலாவது குழிக்குக் குறுக்கே

“சார், அந்த அம்மா மறுபடியும் கட்டையப் பிடுங்கிப் போட்டிருச்சு!”

வேலையாள் கத்தியதும் மர்சூக் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். கோல்ஃப் மைதானத்தின் நாலாவது குழிக்காக அடித்திருந்த அளவுக் கட்டைகள், சிவப்புத் துணியோடு புல்லில் சிதறிக் கிடந்தன. ஒற்றையடிப் பாதையின் நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் சுந்தரம்மா. சற்றுத் தள்ளி அவள் புருஷன் நல்லையா மம்பட்டியை ஊன்றியபடி தலைகுனிந்து நின்றார்.

இலங்கை அரசும் புலிகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வருடம் அது. இனி வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று நம்பி, மாத்தளை அருகே அலுவிகாரை ஊருக்கு மேலே பாழாய்க் கிடந்த கொக்கோ தோட்டத்தில் ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. மைதானத்தை வடிவமைக்கும் பொறுப்பு மாத்தளைக்காரரான மர்சூக்குக்கு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் வேறு இடம் போய்விட்டார்கள். இந்த இருவர் மட்டும் அசையவில்லை.

“வேற எடத்துல காணி தர்றாங்களேம்மா. ஏன் தகராறு பண்றீங்க?”

“காணி வேணாம் சார். இந்தப் பாதைய மூடாதீங்க. எம்மகன் யோகராசா இதுலதான் எறங்கிப் போனான். திரும்பி வந்தா வீட்டுக்கு வேற வழி தெரியாது அவனுக்கு.”

“எப்பப் போனாரு?”

“எம்பத்தொம்பதுல.”

கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி ராணுவம் இளைஞர்களைப் பிடித்துக் கொன்ற அந்த வருடம், மாத்தளையில் வீட்டைவிட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் மர்சூக்குக்குச் சொல்லவேண்டியதில்லை.

நல்லையாதான் அவரை மரநிழலுக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன் வரமாட்டான் சார். கடைக்குப் போன பயலக் காணோம்னு தேடிக்கிட்டுப் போனேன். ரோட்டோரத்துல டயரப் போட்டுக் கொளுத்தியிருந்தாங்க. ஒரு காலு மட்டும் எரியல. எம்மகன் காலு எனக்குத் தெரியாதுங்களா? அங்கயே குழிவெட்டி மூடிட்டு வந்தேன்.”

“வீட்டுல சொல்லலையா?”

“வாசல்லயே நின்னுக்கிட்டு ‘புள்ள கெடச்சானா’ன்னு கேட்டா. கண்டி பஸ்ஸுல ஏறுனத யாரோ பாத்தாங்களாம்னு சொல்லிட்டேன். அந்த ஒரு பொய்யிலதான் சார் இன்னி வரைக்கும் சோறு திங்கிறா. பாதைய மூடினா செத்துருவா.”

மர்சூக் வரைபடத்தை விரித்து, நாலாவது குழியை அழித்து மறுபடி வரைந்தார். புல்வெளியை இரண்டாகப் பிளந்து நடுவே பாதையை அப்படியே விட்டார், அதன் பழைய கல்படிகளோடு. பந்தடிக்கிறவர் முதலில் கம்பத்தில் தொங்கும் மணியை அடிக்கவேண்டும். பாதையில் யாராவது நடந்தால் அவர் கடந்து போகும் வரை காத்திருக்கவேண்டும். பாதை முடியும் இடத்தில், இடிபடாத ஒரே லயக் காம்பராவான தங்கள் அறையிலேயே அந்த இருவரும் இருந்துகொள்ளலாம்.

கொழும்பிலிருந்து வந்த முதலாளி தலையில் கையை வைத்தார். “என்ன மர்சூக் இது? மைதானத்துக்கு நடுவுல ரயில்வே கேட் போட்ட மாதிரி!”

ஆனால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த நாலாவது குழிதான் பிடித்துப்போனது. விறகுக்கட்டோடு சுந்தரம்மா கடந்து போவதற்காக மட்டையை ஊன்றி நின்று, சிரித்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். இதைப் போல ஒரு மைதானம் உலகத்தில் எங்குமே இல்லை என்றார்கள்.

நல்லையாவுக்கு அங்கேயே புல் வெட்டும் வேலை கிடைத்தது. மணி அடிக்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து வாசலில் இருக்கும் மனைவியைப் பார்ப்பார். அவளும் பாதையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் வரவில்லை என்று அவர் கையை ஆட்டினால், சரி என்று தலையை ஆட்டுவாள்.

பிறகு சண்டை மறுபடி மூண்டது. வெள்ளைக்காரர்கள் வருவது குறைந்தது. ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லிலேயே சாய்ந்துவிட்டார் நல்லையா. கருமாதி முடிந்த கையோடு, பாதையை மூடி மைதானத்தைச் சீராக்கச் சொல்லி ஹோட்டலில் இருந்து மர்சூக்குக்கு ஆள் வந்தது.

அவர் நேரே காம்பராவுக்குப் போனார். வெறும் நெற்றியோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள் சுந்தரம்மா.

“நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்கம்மா. நான் பேசுறேன். பாதைய மூட விடமாட்டேன்.”

“மூடிரச் சொல்லுங்க சார்.”

மர்சூக்குக்குப் புரியவில்லை. “யோகராசா வந்தா...?”

“அவன் எங்க சார் வரப்போறான்.”

“நல்லையா கடைசியில சொல்லிட்டாரா?”

“இல்லைங்க. பாவம், சாவுற வரைக்கும் வாயத் தொறக்கல. நான் நம்பிக்கிட்டு இருக்கேன்னுதான் அந்த மனுசன் தெம்பா நடமாடுனாரு. நானும் வழி பாக்குற மாதிரியே இருந்துட்டேன்.”

“அப்ப உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அவனத் தேடிட்டு வந்த அன்னைக்கு அவரு பீலித் தண்ணியில தல முழுகிட்டுத்தாங்க வீட்டுப்படி ஏறுனாரு.”