பட்டு கவுனின் அம்மா

அந்தக் காலத்துப் பாரிஸில் பெரிய இடத்துப் பெண்களுக்கென்று ஒரு தையல்கடை. அங்கே பட்டில் நேராகக் கத்தரி வைக்க மாட்டார்கள். முதலில் காடாத்துணியில் ஒரு கவுன் வெட்டி, வாடிக்கைக்காரியின் உடம்பில் மாட்டி, கரிக்கோடு போட்டுத் திருத்துவார்கள். அதைப் பார்த்துத்தான் பட்டை வெட்டுவார்கள். ஆக, ஒவ்வொரு பட்டு கவுனுக்கும் ஒரு காடா அம்மா உண்டு.

அப்படித் தைத்து முடிந்தது ஒரு பச்சைப் பட்டு கவுன். மினுமினுப்புக்குக் குறைவில்லை, திமிருக்கும்தான். பக்கத்தில் தொங்கிய வெல்வெட் கவுன், ஒன்றும் தெரியாததுபோல் கேட்டது:

"உடம்பெல்லாம் கரியோட மூலையில நிக்கிறாளே, யாரு அது?"

"அதுவா? வேலைக்காரி. தூசி தட்ட வெச்சிருக்காங்க."

காடாவின் காதில் விழுந்தது.

மறுநாள் அதைத் தைக்கச் சொன்ன சீமாட்டி வந்து பட்டைப் போட்டுப் பார்த்தாள். தோள் இழுத்தது. தையல்காரர் காடாவை மேஜையில் விரித்து, அதன்மேல் பட்டை வைத்து அளந்தார். சீமாட்டிக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். இரண்டு கவுனிலும் அதே இறக்கம், அதே இடுப்பு வளைவு.

"வேலைக்காரி சாயல் உனக்கு அப்படியே இருக்கே" என்றது வெல்வெட்.

பட்டு பதில் சொல்வதற்குள் காடா முந்திக்கொண்டது.

"நான் அந்தச் சீமாட்டி கழிச்சுப் போட்ட பழசுங்க. அதான் அளவு ஒண்ணா இருக்கு."

பிறகு பட்டிடம் மெதுவாகச் சொன்னது: "தோளைத் தளர்த்திக்கோ கண்ணு, ஊசி போடப் போறாங்க."

அம்மா என்று கூப்பிடப் பட்டு வாயெடுத்தது. வெல்வெட் பார்த்துக்கொண்டே இருந்தது. கூப்பிடவில்லை.