ஒரு குரல்

"லேப்டாப்ல நேரா கேட்டா பாதி சத்தம் வராதுப்பா. நடுவுல சத்தத்தைக் கூட்டுற இந்த டப்பாவை மாட்டினா ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்!" என்று வயலின் வாத்தியாருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டாள் மகள்.

அவர் கடைசியாக வாசித்துப் பதிவு செய்தது ஓடியது. அன்று அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், பக்கத்துக் குளியலறையில் மனைவி வழுக்கி விழுந்து இறந்துபோனாள்.

"ஒரு குரல் கொடுத்திருக்கக்கூடாதா? எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!" என்று ஒரு வருடமாகப் பார்ப்பவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார்.

வயலின் குழைந்து குழைந்து வந்து, மூச்சுவிடும் நேரம் நின்றது. சுவருக்கு அப்பாலிருந்து மெல்லிய குரல்.

"என்னங்க... என்னங்க..."

அதற்குள் வில் மறுபடி ஓடி அதை மூடிவிட்டது.

மகள் ஆசையாகக் குனிந்தாள். "இப்ப நல்லாக் கேக்குதாப்பா?"

வாத்தியார் வயரைப் பிடுங்கினார்.

"இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கலை."